கட்டியின் பிறந்த தேதி

என் அம்மாவின் இடது மார்பில் இருந்த கட்டிக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள்.

கேட்டவர் காப்பீட்டுக் கம்பெனியில் ஆறாம் எண் மேசையில் உட்கார்ந்திருந்தார். அதனால் அம்மா அவரை ஆறாம் நம்பர் என்றே அழைத்தாள். மழமழவென்று சவரம் செய்த முகம், ஏசி அறைக்கு ஏற்ற குரல். அதைக் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

"பிறப்புச் சான்றிதழ்னா அப்படியே அது இல்ல மேடம். கட்டி என்னிக்கு ஆரம்பிச்சதுன்னு ஒரு தேதி. டாக்டர் கையெழுத்து, சீலோட."

"அது கட்டிக்குத்தாங்க தெரியும்" என்றாள் அம்மா.

அவர் அதையும் குறித்துக்கொண்டார். அம்மா என் காதருகே குனிந்தாள். "பாப்பா, அவரு சட்டைக் காலரைப் பாரு. ரெண்டு முனையும் ஒரே அளவு இல்ல. எங்க டேபிளுக்கு வந்திருந்தா ரிஜெக்ட்."

அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கர். இருபத்திரண்டு வருஷமாக டியூப் லைட்டுக்குக் கீழே நின்று சட்டைகளைப் புரட்டுகிறவள். காலர், பட்டன் பட்டி, கை, ஓரம், உள்பக்கத் தையல். குறை கண்ட இடத்தில் நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். பிறகு நோட்டில் தேதி, எந்த லைன், என்ன குறை என்று எழுதுவாள். வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: "என்னிக்குன்னு தெரிஞ்சாதான் எந்த மெஷின்னு தெரியும். தேதி போடாம குறையைக் கொண்டு வராதே." அம்மா அதற்குப் பிறகு தேதி போடாமல் எதையும் கண்டுபிடித்ததில்லை. வீட்டில் கேஸ் தீர்ந்தால் தேதி, குழாய் ஒழுகினால் தேதி. எனக்குக் காய்ச்சல் வந்த தேதிகள் மட்டும் இரண்டு நோட்டு இருக்கின்றன.

குளிக்கும்போது கைக்கு ஏதோ தட்டுப்பட்ட நாளிலும் அதையேதான் செய்தாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள்: 'பிப்ரவரி 9. இடது, மேல்பக்கம். பட்டாணி அளவு. வலி இல்லை.' பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு.

பிப்ரவரி இருபத்துநாலாம் தேதி ஆஸ்பத்திரியில் அதற்குப் புற்றுநோய் என்று பெயர் வைத்தார்கள். டாக்டர் அம்மாவைப் பாராட்டினார். பெரும்பாலானவர்கள் வருஷக்கணக்கில் மறைத்து வைத்துவிட்டு வருவார்களாம். "முதல்ல ஆறு ஊசி. அப்புறம் ஆபரேஷன். இருபத்தொரு நாளைக்கு ஒரு ஊசி. நாள் தள்ளிப்போகக் கூடாதும்மா, அது மட்டும்தான் நீங்க பார்த்துக்கணும்" என்றார். மார்ச் இருபத்துநாலு, ஏப்ரல் பதினாலு, மே அஞ்சு என்று அம்மா மூன்று தேதிகளை முன்கூட்டியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

எங்களுக்கு அப்போது பயம் இருந்தது, பதற்றம் இல்லை. காரணம் பாலிசி. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். முதல் சம்பளத்தில் மற்றவர்கள் அம்மாவுக்குத் தோடு வாங்கித் தருவார்கள். நான் மருத்துவக் காப்பீடு வாங்கித் தந்தேன். படித்தவள் என்று காட்ட வேண்டாமா?

மார்ச் இருபதாம் தேதி பழைய கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. 'தங்கள் நலன் கருதி, தாங்கள் சேர்ந்திருக்கும் திட்டத்தை ஏப்ரல் முப்பதோடு நிறுத்துகிறோம்.' எங்கள் நலனில் அவர்களுக்கு இவ்வளவு கருத்து இருந்தது அதுவரை எனக்குத் தெரியாது. வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாம்; மூன்று வருஷம் உறுப்பினராக இருந்ததைப் புதிய கம்பெனி கணக்கில் எடுத்துக்கொள்ளும்; நாற்பத்தைந்து நாள் முன்னதாக விண்ணப்பித்தால் போதும். விரல் விட்டு எண்ணினேன். விண்ணப்பிக்கக் கடைசி நாள் மார்ச் பதினாறு.

போன் செய்தேன். நாற்பது நிமிஷம் புல்லாங்குழல் வாசித்தார்கள். பிறகு ஒரு குரல்.

"லெட்டர்ல என்ன தேதி போட்டிருக்கு மேடம்?"

"மார்ச் பத்து."

"அப்ப பத்தாம் தேதியே உங்களுக்குத் தெரிவிச்சாச்சு."

"கைக்கு வந்தது இன்னிக்குத்தான் சார்."

"தபால் எங்க டிபார்ட்மென்ட் இல்ல மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"இந்த உதவியே இன்னும் கிடைக்கல."

"ரொம்ப நன்றி மேடம். எங்க சேவைக்கு அஞ்சுக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?"

புதிய கம்பெனி, அதாவது ஆறாம் நம்பரின் கம்பெனி, 'தாமத விளக்கக் கடிதம்' ஒன்றை வாங்கிக்கொண்டு விண்ணப்பத்தைத் தந்தது. பதினாலு பக்கம். ஏப்ரல் முப்பதுக்குள் அவர்கள் சரி என்றால் மே ஐந்தாம் தேதி அம்மாவுக்கு மூன்றாவது ஊசி. இல்லை என்றால் ஊசி இல்லை. என் சம்பளத்துக்கு அந்த மருந்தின் பாட்டிலை வேண்டுமானால் வாங்கலாம்; உள்ளே இருப்பதை வாங்க முடியாது. அரசு ஆஸ்பத்திரியிலும் பெயர் கொடுத்து வைத்தோம். ஜூலையில் கூப்பிடுவதாகச் சொன்னார்கள்.

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். எங்களைப் போலப் படித்து மேலே வந்தவர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு. பரீட்சையில் எந்தக் கேள்வியையும் விடாதே, இடம் போதாவிட்டால் கூடுதல் தாள் வாங்கு, ஆதாரத்தோடு எழுது, மார்க் தானாக வரும் என்று நம்பிப் பாஸான கூட்டம் நாங்கள். 'நோய் அறிகுறி முதலில் தெரிந்தது எப்போது?' என்ற கட்டத்தை இரண்டு வரியில் முடித்திருக்கலாம். நான் கூடுதல் தாள் வைத்து, அம்மாவின் நோட்டில் அந்தக் கடைசிப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து இணைத்தேன். சிவப்பு அம்பு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கலர் ஜெராக்ஸ்.

ஆறாம் நம்பர் அதைக் கையில் எடுத்ததும் முகம் மலர்ந்தார். வேலையில் அப்படி மலரும் மனிதரை நான் பார்த்ததில்லை.

"ஆஸ்பத்திரி பேப்பர்ல இருபத்துநாலு. உங்க நோட்டுல ஒன்பது. ஒரே கட்டிக்கு ரெண்டு பிறந்த நாளா மேடம்?"

"ஒன்பதாம் தேதி கைக்குத் தட்டுப்பட்டுதுங்க. இருபத்துநாலு பேரு வச்சாங்க" என்றாள் அம்மா.

"அப்ப பதினைஞ்சு நாள் மறைச்சிருக்கீங்க."

"யாருகிட்டங்க?"

"எங்ககிட்ட."

"நாங்க அப்ப உங்க கம்பெனியிலயே இல்லையே சார்" என்றேன்.

"சேரப் போறீங்கல்ல?"

அப்படித்தான் பிறப்புச் சான்றிதழ் வந்தது. ஆஸ்பத்திரி டாக்டரிடம் போய்க் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கட்டி என்றைக்கு ஆரம்பித்தது என உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துத் தந்தார். ஆறாம் நம்பர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் பார்த்தார்.

"தெரியாதுன்னு எழுதினா சிஸ்டம் எடுக்காது மேடம். நாள், மாசம், வருஷம்னு எட்டு எண்தான் போகும்."

"எட்டு சைபர் போடுங்க."

"அப்படிப் போட்டா உங்கம்மாவுக்குப் புற்றுநோய் ரெண்டாயிரம் வருஷமா இருக்குன்னு எடுத்துக்கும்." சற்று யோசித்தார். "பிரீமியம் ஏறிடும்."

பிறகு கோப்பைக் குழுவுக்கு அனுப்பினார். 'முன்னிருந்த நோய்களைக் கண்டறியும் உயர்நிலைக் குழு'. மூன்றாம் மாடி. ஏப்ரல் இருபத்தைந்தாம் தேதி போனோம். இரண்டு ஊசி போட்டு முடித்திருந்ததால் அம்மா தலையில் துணி கட்டியிருந்தாள். நாற்காலி கைப்பிடியைப் பிடித்துத்தான் உட்கார முடிந்தது. எதிரே நீள மேசை, மூன்று பேர்: தலைவர், வக்கீல், டாக்டர். டாக்டர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் போட்டிருந்தார். நோயாளிகளே வராத ஒரு மாடியில் அவர் அதை வைத்து எதைக் கேட்பார் என்று எனக்குத் தோன்றியது. அம்மாவுக்கு அது தோன்றவில்லை. அதைப் பார்த்ததும் அவள் தோள் இரண்டும் தளர்ந்தன.

"பாப்பா, டாக்டர் இருக்காங்க. இனி கவலையில்ல."

தலைவர் பேசினார். நல்ல குரல்வளம்.

"அம்மா, நாங்க ஒரு கம்பெனி இல்ல, ஒரு குடும்பம். எங்க குடும்பத்துல நாலு லட்சம் பேரு இருக்காங்க. எல்லாரும் ஆரோக்கியமா இருக்காங்க. அப்படி இருக்கிறதாலதான் அது குடும்பம். உங்களை மாதிரி ஒருத்தர் உள்ள வந்து செலவு வச்சா, அந்த நாலு லட்சம் பேருக்கும் நாங்க என்ன பதில் சொல்றது? நோய் வந்தவங்களுக்கு உதவணும்னுதான் எங்களுக்கும் ஆசை. ஆனா நோய் வராதவங்களுக்கு உதவுறதுல ஒரு நிம்மதி இருக்கு பாருங்க, அது வேற எதுலயும் இல்ல."

வக்கீல் தலையாட்டினார். டாக்டர் நாற்காலியை இழுத்துக்கொண்டு அம்மாவின் பக்கம் வந்தார். கையைத் தொட்டார். நாடி பார்ப்பது போல இருந்தது.

"பயப்படாதீங்கம்மா. நான் டாக்டர். இவங்களை விடுங்க, என்கிட்ட சொல்லுங்க. எப்போலேருந்து இது?"

அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பதாம் தேதி, பட்டாணி அளவு. அதற்கு முன்னால் தீபாவளியோ பொங்கலோ என்று குத்துமதிப்பாகச் சொல்லாமல், ஜனவரி பன்னிரண்டு அன்று ரவிக்கைப் பட்டி உறுத்தியது, அதையும் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னாள். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று அவர் பரிவோடு கேட்டதும், அவளுடைய பெரியம்மா மார்பில் புண் வந்து செத்துப்போனதைச் சொன்னாள். நான் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். "டாக்டர்கிட்ட மறைக்கக் கூடாதுடி" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அவர் மூன்று தாள் எழுதினார். அம்மாவுக்கு அவ்வளவு பொறுமையாக யாரும் காது கொடுத்ததில்லை. லிப்டில் இறங்கும்போது, "தங்கமான மனுஷன்" என்றாள்.

ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி முடிவு வந்தது. நீல நிறக் கோப்பு, உள்ளே ஒரு சாவிக்கொத்து, 'எங்கள் குடும்பத்துக்கு வருக' என்று தங்க எழுத்து. ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்!

ஏற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். இடது மார்பைத் தவிர.

இணைப்பில் காரணம் இருந்தது. குழு மருத்துவர் பட்டாணியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டிருந்தார். பட்டாணி அதற்கு முன் கடுகு, கடுகுக்கு முன் மணல், மணலுக்கு முன் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. அதன்படி கட்டிக்கு வயது எட்டு. பாலிசிக்கு வயது மூன்று. மேலும், பெரியம்மாவுக்கும் இருந்ததால் நோய் குடும்பவழி வந்தது. ஆகவே வாடிக்கையாளர் பிறப்பதற்கு முன்பே அது இருந்திருக்கிறது. ஆகவே இடது மார்பும், அதிலிருந்து கிளம்பி உடம்பில் எங்கெங்கே நோய் போகிறதோ அந்த இடங்களும் நிரந்தரமாக விலக்கப்படுகின்றன. மற்ற எல்லாவற்றுக்கும் முழுப் பாதுகாப்பு. கண்புரை, மூலம், பாம்புக்கடி, விமான விபத்து.

நான் ஆறாம் எண் மேசைக்கு ஓடினேன்.

"அம்மாவுக்குக் கட்டிக்குத்தான் சார் வைத்தியம் வேணும்!"

"புரியுது மேடம். அதனாலதான் அதை மட்டும் எடுத்தோம்."

"மே அஞ்சு ஊசி போடலன்னா என்ன ஆகும் தெரியுமா?"

"அது மருத்துவக் கேள்வி மேடம். நாங்க மருத்துவத்துல தலையிட மாட்டோம்." குரலைத் தாழ்த்தி, உண்மையிலேயே உதவும் எண்ணத்தோடு சொன்னார்: "அந்த நோட்டை நீங்க வைக்காம இருந்திருந்தா பிரச்சினையே இல்ல. இவ்ளோ விவரமா யாராவது உண்மை சொல்வாங்களா?"

குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினேன். முப்பது வேலை நாள். அங்கேயும் கூடுதல் தாள் வைத்தேனா என்று கேட்காதீர்கள்.

மே இரண்டாம் தேதி போன் வந்தது. அதே கம்பெனி. பெண் குரல், தேனாக. விளம்பரப் பிரிவாம். அம்மா பிற்பாடு அவளுக்கு ரிப்பன் மேடம் என்று பெயர் வைத்தாள்.

"மேடம், நாங்க மகளிர் நல வாரம் கொண்டாடுறோம். மார்பகப் புற்றுநோயை ஆரம்பத்துலயே கண்டுபிடிக்கிறதைப் பத்தி. உங்கம்மா கதையை ஃபைல்ல பார்த்துட்டு நான் அழுதுட்டேன். அந்த நோட்டு! அந்தத் தேதி! அவங்க மேடையில ரெண்டு வார்த்தை பேசணும். அஞ்சாம் தேதி காலைல."

"அஞ்சாம் தேதி அவங்களுக்கு ஊசி."

கீபோர்டில் ஏதோ தட்டும் சத்தம். "அதுதான் அப்ரூவல் இல்லையே மேடம். அப்ப ஃப்ரீதானே?"

நான் போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. "சேர்மன் வருவாரு. நேர்ல பார்த்தா ஒருவேளை..." என்று அவள் இழுத்தாள். அந்த 'ஒருவேளை'யைப் பிடித்துக்கொண்டு போனோம். தலைத்துணி ரோஜா நிறத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். அம்மா தொழிற்சாலையில் வெட்டுத் துணி வாங்கி, உட்கார்ந்து உட்கார்ந்து ஓரம் அடித்துக் கட்டிக்கொண்டாள்.

அந்தக் கட்டிடத்தின் தரைத்தள ஹால். மேடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு பேனர். அதில் அம்மாவின் கையெழுத்து. 'பிப்ரவரி 9. இடது, மேல்பக்கம். பட்டாணி அளவு.' சிவப்பு அம்பு ஒரு கை நீளத்துக்கு இருந்தது. என் கலர் ஜெராக்ஸ்தான். மூன்றாம் மாடியில் அது குற்றப்பத்திரிகை. தரைத்தளத்தில் அது முன்மாதிரி. இடையில் ஒரு லிப்ட்.

குழுத் தலைவர்தான் முதலில் பேசினார். "கண்டுபிடிப்பதே பாதி வெற்றி! சகோதரிகளே, உங்கள் உடம்பை நீங்களே கவனியுங்கள். தயங்காதீர்கள். உடனே எழுதுங்கள், உடனே சொல்லுங்கள், உடனே எங்களிடம் வாருங்கள்!" கைத்தட்டல். டாக்டர் ஸ்டெதஸ்கோப்போடு முன்வரிசையில் இருந்தார். அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

அம்மாவுக்கு மைக் உயரம் எட்டவில்லை. யாரோ இறக்கிக் கொடுத்தார்கள்.

"வணக்கங்க. நான் செக்கர். குறை தெரிஞ்சா தேதி போடணும்னு சொல்லிக்குடுத்தாங்க. போட்டேன். அதோ பின்னாடி பெருசா இருக்கே, அதுதான்." திரும்பிப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். "நீங்க போடாதீங்க. கைக்கு ஏதாவது தட்டுப்பட்டுதுன்னா கையை எடுத்துடுங்க. புருஷன்கிட்ட, பொண்ணுகிட்ட, டாக்டர்கிட்ட, யாருகிட்டயும் வாயைத் திறக்காதீங்க. முதல்ல பாலிசியில சேருங்க. அப்புறம் குளிங்க. இன்னிக்கு எனக்கு மூணாவது ஊசி. போடல. அவ்ளோதாங்க."

ஹாலே எழுந்து நின்று தட்டியது. தலைவர் தட்டினார். டாக்டர் தட்டினார். ரிப்பன் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கி, "எவ்வளவு நம்பிக்கை! எவ்வளவு துணிச்சல்!" என்றாள். சேர்மனை நேரில் பார்த்தோம். எங்களோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். கோப்பைப் பற்றி ஆரம்பித்தேன். "இன்னிக்கு நாள் கொண்டாட்டத்துக்கும்மா" என்று என் தோளைத் தட்டினார்.

அம்மாவுக்கு ரோஜா ரிப்பன் தைத்த துணிப்பை ஒன்று பரிசு. பஸ் நிறுத்தத்தில் அதைத் திருப்பிப் பார்த்தாள், பழக்கம் விடுமா? அடித்தையல் இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது. கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்து, ஒரு சிவப்பு அம்பை உரித்து ஒட்டினாள். நோட்டையும் எடுத்தாள். பேனா மூடியைக் கழற்றினாள். பிறகு மாட்டி உள்ளே வைத்துவிட்டாள்.

"தேதி போடலையாம்மா?"

"எதுக்கு?" என்றாள்.

ஊசிகள் நின்றன. ஜூன் வந்தது. குறைதீர்ப்புப் பிரிவிலிருந்து பதில் வந்தது: என் குறை சரியான படிவத்தில் இல்லை. அம்மா வேலைக்குப் போவதை விட்டாள். இடது கையைத் தூக்கித் தலை துவட்டுவதையும் விட்டாள். கேட்டால், "தூங்கும்போது புரண்டு படுத்துட்டேன் போல" என்றாள்.

ஜூலை பன்னிரண்டாம் தேதி அரசு ஆஸ்பத்திரியில் எங்கள் வரிசை வந்தது. காலை ஆறு மணிக்குப் போய், பதினொன்றரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். சின்ன அறை, ஒரு திரை, ஒரு லேடி டாக்டர். என் வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கருப்பு. எங்களுக்கு முன்னால் நாற்பது பேரைப் பார்த்திருந்தார், ஆனாலும் அம்மாவின் கையை மெதுவாகத்தான் தூக்கினார். அக்குளில் விரல் போய் நின்றது.

நானும் பார்த்தேன். புளியங்கொட்டை அளவுக்குப் புடைத்திருந்தது. எனக்கு அது தெரியாது. என்னிடம் அவள் சொல்லவில்லை.

"அம்மா, இது எப்போலேருந்து இருக்கு?"

அம்மா ரவிக்கைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஒரு தேதி தெரிஞ்சா நல்லாருக்கும்மா. எவ்ளோ வேகமா வளருதுன்னு கணக்குப் போட்டாதான் எந்த மருந்துன்னு முடிவு பண்ண முடியும். ஜூன்லயா? அதுக்கு முன்னாடியா? சும்மா சொல்லுங்க."

அம்மாவின் மடியில் அந்த ரோஜா ரிப்பன் பை இருந்தது. பைக்குள் நோட்டு. நோட்டின் நடுப்பக்கம் ஒன்றிலிருந்து சிவப்பு அம்பின் முனை வெளியே எட்டிப் பார்த்தது. நான் கையை நீட்டினேன். அவள் பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"சொல்லும்மா."

அவள் என் பக்கம் சாய்ந்தாள். "இவங்க கம்பெனி ஆளா?"

"இல்லம்மா. டாக்டர். நிஜ டாக்டர்."

லேடி டாக்டரின் கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பை அம்மா பார்த்தாள்.

"அவரும் இதைத்தான் மாட்டியிருந்தாரு" என்றாள் என்னிடம்.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, இருபத்திரண்டு வருஷம் சட்டைகளைப் புரட்டிய அந்தக் கைகளைப் பையின் மேல் கோத்துக்கொண்டு, டாக்டரைப் பார்த்து மரியாதையாகச் சொன்னாள்:

"தெரியலைங்க. நான் இதெல்லாம் கவனிக்கிறதில்ல."